மேலே ஏறாத புள்ளிகள்

அக்கா ரத்தம் கொடுக்கும் வாரங்களில் மட்டும் சோதனை சொதப்புகிறது என்பது சின்னவளுக்கு உறைக்க வெகுகாலம் பிடித்தது. உறைத்த பிறகும் அவள் அதை நம்பவில்லை. தன் கையைச் சந்தேகப்பட்டாள், கருவியைச் சந்தேகப்பட்டாள், மருந்துக் குப்பிகளைச் சந்தேகப்பட்டாள். அக்காவை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. தும்மல்கூட வராத உடம்பு அது என்று வீட்டில் எல்லோருக்கும் எண்ணம்.

அந்த வீட்டில் பிள்ளைகள் இரண்டே பேர். பெரியவள், சின்னவள் என்று அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுவே தெரு வாயிலும் நிலைத்துவிட்டது. பெரியவள் கடைத்தெரு முனையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். சுவரளவுக்கு ஒரு கண்ணாடி, இரண்டு சுழல் நாற்காலிகள், ஆவி பறக்கும் துவாலைப் பெட்டி, மழை பெய்தால் மக்கர் பண்ணும் ஷட்டர். ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காமல், தலையைக் கொடுத்தவர்களுக்கெல்லாம் வெட்டினாள். வாய் ஒரு பக்கம் ஓடும், கத்திரி ஒரு பக்கம் ஓடும். இரண்டில் எது கூர்மை என்று வாடிக்கையாளர்களுக்கே குழப்பம். சின்னவளோ படித்துப் படித்து, மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"அங்க போய் என்னதான்டி பண்ற?" என்று பெரியவள் ஒருமுறை கேட்டாள்.

"ரத்தத்துல இருக்கிற செல்லுங்க சண்டை போடும்ல, அதுங்களுக்குப் போதும் நிறுத்துன்னு யார் சொல்றாங்கன்னு பாக்குறேன்."

"நம்ம வீட்டுல யாரும் சொல்லல. அம்மாவும் அப்பாவும் கடைசி வரைக்கும் நிறுத்தவே இல்ல."

பெரியவள் கேலி செய்தாலும் சங்கதி அதுதான். ரத்தத்தில் நிரப்புப் புரதங்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. ஆய்வகத்தில் 'காம்ப்ளிமென்ட்' என்பார்கள். கிருமி நுழைந்தால் முன்வரிசையில் பாய்கிறவை இவை. கிருமியின் மேல் போய் ஒட்டும், ஓட்டை போடும், மற்ற செல்களைக் கூவி அழைக்கும். அவற்றின் வேலை அதோடு முடிந்தது என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நினைத்திருந்தார்கள். டி செல் எனப்படும் வெள்ளை அணுக்களின் கடிவாளமும் ஓரளவு இவற்றின் கையில்தான் இருக்கிறது என்பது பிற்பாடு தெரிய வந்தது. டி செல்லின் மேற்பரப்பில், சேதியை வாங்கிக்கொள்ளும் ஒரு வாங்கி ('ரிசெப்டர்') இருக்கிறது. நிரப்புப் புரதத்தின் துண்டு அதில் வந்து பொருந்தினால் செல் முதலில் சண்டைக்குக் கிளம்புகிறது. இன்டர்ஃபெரான் என்ற சண்டைச் சரக்கைக் கொட்டுகிறது. போதுமான அளவு அடித்து முடித்து, சுற்றிலும் வளர்ச்சிப் பொருள் பெருகியதும், அதே வாங்கிதான் செல்லைத் திருப்பிவிட்டு, இன்டர்லூகின்-10 என்ற சாந்தச் சரக்கைச் சுரக்க வைக்கிறது. அடி என்று சொன்ன வாயே போதும் என்றும் சொல்கிறது. முடக்குவாதக்காரர்கள் பலரிடம் இந்தப் 'போதும்' சரியாக விழுவதில்லை. சண்டை முடிந்த பிறகும் செல்கள் அடித்துக்கொண்டே இருக்கின்றன. கிருமி இல்லாததால் மூட்டுதான் அடி வாங்குகிறது. அந்தப் 'போதும்' எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதே சின்னவள் தேடிக்கொண்டிருந்த விஷயம்.

அதற்கு நோயாளிகளின் ரத்தத்தோடு, நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும்? பெரியவள் தானாகவே முன்வந்தாள். கடைக்கு விடுமுறை விடும் நாளில் வந்து, கீழ்த்தளத்தில் செவிலியரிடம் கையை நீட்டிவிட்டு, கொடுக்கிற பழச்சாற்றைக் குடித்துவிட்டு, அந்தச் செவிலியரின் முடியைப் பற்றி நாலு குறை சொல்லிவிட்டுப் போவாள். குழாயில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. ஆனாலும் அந்த நாளில் நோயில்லாதவர் குழாய் என்று ஒன்றே ஒன்றுதான் மேலே வரும். அது யாருடையது என்று அறியப் பெரிய மூளை தேவையில்லை.

சின்னவள் அந்த ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுத்து, குழி குழியாக இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் போட்டு, வாங்கியைத் தூண்டி, சூடான பெட்டியில் சில நாள் வைப்பாள். பிறகு ஒளிரும் சாயம் ஏற்றிக் கருவியில் ஓட்டினால் ஒவ்வொரு செல்லும் திரையில் ஒரு புள்ளியாக விழும். சண்டைச் சரக்கு சுரப்பவை வலப்பக்கம் கீழே குவியும். மனம் மாறத் தொடங்கியவை அங்கிருந்து மேலே ஏறும். சாந்தமாகிவிட்டவை இடப்பக்கம் உச்சியில் போய் நிற்கும். நல்ல உடம்புக்காரர்களின் புள்ளிகள் எறும்புச் சாரியாக ஏறி வளைந்து போவதைப் பார்க்க அவளுக்கு அலுக்கவே அலுக்காது.

அக்காவின் புள்ளிகள் ஏறவில்லை. வலப்பக்க மூலையிலேயே அப்பிக்கொண்டு கிடந்தன.

ஆய்வகத் தலைவிக்கு 'இன்னொருதரம்' என்று பட்டப்பெயர். யார் எதைக் கொண்டு போய்க் காட்டினாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் அது. மூக்கு நுனியில் கண்ணாடி, எந்த நேரமும் கையில் ஆறிப்போன காபி. சின்னவள் படத்தைக் காட்டியதும் அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னொருதரம் பண்ணு."

"பண்ணிட்டேன் மேடம். மூணாவது தடவை இது."

"அப்ப உன் கையை விட்டுட்டு மத்ததை எல்லாம் மாத்திப் பண்ணு. அதுக்கப்புறம் கையையும் மாத்து."

சின்னவள் சளைக்கவில்லை. எடுத்த காரியத்தை முடிக்காமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. தட்டுகளைப் புதுப்பெட்டியிலிருந்து எடுத்தாள். வளர்ச்சிப் பொருளின் குப்பியை மாற்றினாள். சூட்டுப்பெட்டியின் வாயு அளவைச் சரிபார்க்க ஆளை வரவழைத்தாள். அவர் வந்து, பெட்டியைத் தட்டிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் பக்கத்து மேசைக்காரனிடம் கெஞ்சி, ஒரு சுற்று முழுவதையும் அவன் கையால் செய்ய வைத்தாள். வேறு ஆட்களின் ரத்தமெல்லாம் ஒழுங்காக ஏறியது. அந்த ஒரு குழாய் மட்டும் அசையவில்லை.

ஒரு வழிதான் பாக்கி இருந்தது. அக்கா வரும் நாளில் அவளும் கீழே போய்ச் செவிலியரிடம் கையை நீட்டினாள். ஒரே தட்டு, ஒரே மருந்து, ஒரே பெட்டி. மேல்வரிசையில் ஒரு தாய் வயிற்று மூத்தவள், கீழ்வரிசையில் இளையவள். நாள் கணக்கு முடிந்து திரையைத் திறந்தபோது, கீழ்வரிசைப் புள்ளிகள் சாரிசாரியாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. மேல்வரிசை மூலையை விட்டு நகரவில்லை.

கருவி சத்தமில்லாமல் அடுத்த குழாயை உறிஞ்சிக்கொண்டிருந்தது. சின்னவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்த மூலையை அவள் நோயாளிகளின் படங்களில் எத்தனையோ முறை பார்த்திருந்தாள். அங்கே அது புள்ளிகளின் கூட்டம், அவ்வளவே. இப்போது அது அக்கா.

இன்னொருதரம் இந்த முறை அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீ என்ன நினைக்கிறேன்னு தெரியுது. ஆனா இது நோய் கண்டுபிடிக்கிற சோதனை இல்ல. நோயே இல்லாத சிலபேருக்கும் இப்படி மந்தமா இருக்கலாம். எத்தனை பேருக்கு இருக்குன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரத்தம் கொடுக்கிறவங்ககிட்ட முடிவு எதுவும் சொல்ல மாட்டோம்னு எழுதிக் கொடுத்திருக்கோம். காரணமாத்தான் எழுதியிருக்கோம். அரைகுறையாச் சொன்னா ஆளையே கொன்னுடும்."

"சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

"ரத்தத்தைப் பத்திப் பேசாதன்னு சொல்றேன்." அவர் காபியை ஒரு மிடறு குடித்து முகம் சுளித்தார். "அக்கா கையைப் பாக்கக் கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்ல."

கை என்றதும் சின்னவளுக்குச் சுருக்கென்றது. போன முறை பழச்சாற்றுப் புட்டியின் மூடியைத் திருகாமல் அக்கா தன்னிடம் நீட்டியதும், "உனக்கும் கொஞ்சம் வேலை இருக்கட்டும்டி" என்று சிரித்ததும் ஞாபகம் வந்தது. அம்மாவின் கையும் ஞாபகம் வந்தது. கடைசிக் காலத்தில் அம்மாவின் விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து, காற்றில் சாய்ந்த பயிராகக் கிடந்தன. வேலை செய்த கை அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாவும் அதையே சொன்னாள். யாரும் ஒரு மருத்துவரிடம் கேட்கவில்லை.

மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன்பே சின்னவள் கடைத்தெரு முனையில் இருந்தாள். ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத்தான் ஏறியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தாள். பெரியவள் முகம் கழுவும் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை அமிழ்த்திக்கொண்டு, கண்ணை மூடி நின்றிருந்தாள். கண்ணாடி முழுக்க ஆவி.

"என்னக்கா இது?"

பெரியவள் திடுக்கிட்டுக் கைகளை வெளியே எடுத்தாள். விரல் முட்டிகள் சிவந்து புடைத்திருந்தன. "குளிருக்கு" என்றாள்.

"எந்தக் குளிருக்கு? எனக்கு வேர்க்குது."

"வெந்நியால வேர்க்குது. வந்ததும் வராததுமா என்ன விசாரணை? துவாலையை எடுத்து மடி."

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"எப்படி?"

"காலையில விரலை மடக்க முடியாம."

பெரியவள் கைகளைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக, மெதுவாக, கண்ணாடிப் பாத்திரத்தைத் துடைப்பது மாதிரி துடைத்தாள். "கொஞ்ச நேரம் சூடு காட்டினா சரியாப் போயிடும். ஆள் வர்றதுக்குள்ள கத்திரி பழையபடி ஓடும். நீ பாக்காதது எதுவும் நடக்கல."

"ஒரு டாக்டரைப் பாக்கலாம்க்கா. எனக்குத் தெரிஞ்ச மூட்டு டாக்டர் பக்கத்துக் கட்டடத்துலயே இருக்கார்."

"பாத்துட்டு? கையில நோவுன்னு சீட்டு எழுதிக் கொடுப்பார். அது தெரு முழுக்கப் பரவும். நான் கழுத்துல கத்தி வைக்கிறவடி. கை நடுங்குதுன்னு தெரிஞ்சா எவன் வந்து கழுத்தைக் காட்டுவான்?"

"உன் கை நடுங்குதுன்னு நான் சொல்லல."

"பின்ன என்ன சொல்ற?" பெரியவள் சட்டென்று நிமிர்ந்தாள். கத்திரி அளவுக்குக் கூரான பார்வை. "இரு. நேத்து வரைக்கும் என் கையை ஏறெடுத்துப் பாக்காதவ, இன்னைக்குக் கோழி கூவறதுக்குள்ள வந்து நிக்கிற. என் ரத்தத்துல என்னமோ பாத்திருக்க."

சின்னவள் பொய் சொல்லத் தெரியாதவள். இந்த இடத்தில் உண்மையும் சொல்லக்கூடாது. "அதை வச்சு நான் எதுவும் பேசக்கூடாதுக்கா. அதுக்கு இன்னும் அர்த்தமே தெரியாது. உன் விரலை வச்சுத்தான் பேசறேன். விரல் வீங்கியிருக்கு. அம்மாவுக்கும் வீங்கியிருந்துச்சு."

"ஆக, நான் உனக்குச் சோதனை எலி."

"அக்கா!"

"கொடுத்த ரத்தத்தை வச்சுக்கிட்டு என்னையே நோவாளி ஆக்கப் பாக்குற. கிளம்பு. ஆள் வர்ற நேரம்."

ஷட்டர் முழுதாக மேலே ஏறியது. சின்னவள் தெருவில் நின்றாள்.

அந்த மாதம் விடுமுறை நாளில் பெரியவள் ரத்தம் கொடுக்க வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் ரோஷத்தோடு ஒதுங்கியிருப்பார்கள். சின்னவள் ஒதுங்கவில்லை. தினமும் ஆய்வகத்துக்குப் போகுமுன் கடைக்குப் போனாள். ஒன்றும் பேச மாட்டாள். ஷட்டரைத் தூக்குவாள், வெந்நீர் போடுவாள், நேற்றைய துவாலைகளை அலசிப் பிழிவாள், தரையில் கிடக்கும் முடியைக் கூட்டி அள்ளுவாள், போய்விடுவாள். முதல் சில நாள் பெரியவள் அவளை ஒரு நாற்காலியாகக்கூட மதிக்கவில்லை. பிறகு, "மூலையில முடி கிடக்கு, கண்ணு தெரியலையா?" என்று திட்டத் தொடங்கினாள். சின்னவளுக்கு அந்தத் திட்டே பெரிய ஆறுதலாக இருந்தது. அக்கா திட்டுகிறாள் என்றால் உறவு அறுந்துவிடவில்லை என்று அர்த்தம்.

பிழிகிற வேலை தன்னிடம் வந்ததில் அக்காவுக்கு ஒரு நிம்மதி இருந்ததையும் அவள் கவனித்தாள். ஈரத் துவாலையை முறுக்க முடியாமல் அக்கா இத்தனை நாள் எப்படிச் சமாளித்தாள் என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு காலையில், கண்ணாடிக்குக் கீழிருந்த பலகையைத் துடைக்கும்போது அவளுக்கு ஏதோ இடித்தது. சீப்புகள் இருந்தன, கத்திரிகள் இருந்தன, பவுடர் டப்பா இருந்தது. சவரக்கத்தி இருந்த இடம் காலி.

"கத்தி எங்கக்கா?"

"எடுத்து வச்சுட்டேன்."

"ஏன்?"

பெரியவள் நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "சவரத்தை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. முடி மட்டும்தான் வெட்டுறேன். கத்தி மழுங்கிடுச்சு, புதுசு வரணும்னு சொல்லி வச்சிருக்கேன். எதிர்வீட்டு வாத்தியார் தினமும் வந்து கேக்கிறார், புதுக்கத்தி கப்பல்லயா வருதுன்னு."

"யாருக்காவது..."

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆகறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். விரல்ல பிடிமானம் இல்லாதப்ப அடுத்தவன் கழுத்துல கத்தி வைக்க நான் என்ன கொலைகாரியா?" நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினாள். "ஊருக்குத் தெரியக்கூடாதுன்னுதான் பயந்தேன்னு உன்கிட்ட சொன்னேன். அது பொய். எனக்கே தெரியக்கூடாதுன்னு பயந்தேன். அம்மா கை கண்ணுக்குள்ளயே நிக்குதுடி."

சின்னவள் துணியைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குக் கடை லீவு" என்றாள் பெரியவள். "உன் டாக்டர் எப்ப உக்காருவார்?"

மூட்டு மருத்துவர் கலகலப்பான மனிதர். பெரியவளின் விரல் முட்டிகளை வரிசையாகப் பிடித்து அழுத்தினார். அழுத்தும்போது அவர் அவள் முகத்தைத்தான் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "வலிக்கலையா?" என்றார். "வலிக்குது. உங்க தலையைப் பாத்துட்டு இருந்ததுல மறந்துட்டேன். எவன்கிட்ட வெட்டினீங்க?" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு ரத்தச் சோதனைக்கும் மூட்டு ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார்.

முடிவுகள் வந்தபோது அவர் சிரிக்கவில்லை. ஆனால் சோகமாகவும் இல்லை. முடக்குவாதம்தான். ஆரம்ப நிலை. மூட்டுச் சவ்வு வீங்கியிருக்கிறது, எலும்பு இன்னும் அரிக்கவில்லை.

"சரியான நேரத்துல வந்திருக்கீங்க" என்றார். "இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா, போன எலும்பை என்னால திருப்பித் தர முடிஞ்சிருக்காது."

"நானா வரல. என் தங்கச்சி ஊமைப் போராட்டம் நடத்தி இழுத்துட்டு வந்தா."

"எங்க அம்மாவுக்கும் இதுவா இருந்திருக்குமா டாக்டர்?" என்று சின்னவள் கேட்டாள்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். "இருந்திருக்கலாம். பாக்காத கையைப் பத்தி நான் என்னம்மா சொல்ல?"

பெரியவள் வெளியே வந்து மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்தாள். "அம்மாகிட்ட ஒருதடவையாவது வலிக்குதான்னு கேட்டிருக்கலாம்" என்றாள். சின்னவள் அந்தக் கைகளின் மேல் தன் கையை வைத்தாள். இருவரும் அழுதார்கள். அழுது முடித்ததும் பெரியவள் மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, மாத்திரையை வாங்கு" என்று எழுந்தாள்.

வாரத்துக்கு ஒருநாள் மாத்திரை. அது பொறுமையைச் சோதிக்கிற மருந்து. தொடக்கத்தில் குமட்டல்தான் வந்தது, குணம் வரவில்லை. "உன் டாக்டர் வாந்திக்கு மாத்திரை கொடுத்தாரா, வாந்தி வர்றதுக்கு மாத்திரை கொடுத்தாரா?" என்று பெரியவள் போனில் கத்தினாள். ஆனால் ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை. கத்தி மறுபடி தன் கைக்கு வரவேண்டும் என்று சபதம் எடுத்தவள் மாதிரி, மருத்துவர் சொன்ன விரல் பயிற்சிகளை வாடிக்கையாளர் முன்னாலேயே செய்தாள். நோவை மறைப்பதையும் விட்டுவிட்டாள். "எனக்கு முடக்குவாதம். மருந்து சாப்பிடறேன். முடி வெட்டுவேன், சவரம் இப்ப கிடையாது. இஷ்டம்னா உக்காருங்க" என்று நேராகச் சொன்னாள். ஓரிருவர் எழுந்து போனார்கள். எதிர்வீட்டு வாத்தியார், "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் கப்பலுக்குக் காத்திருக்க மாட்டேனே" என்று சொல்லிவிட்டுத் தாடியோடு வந்து உட்கார்ந்தார்.

மெல்ல மெல்ல வீக்கம் வடிந்தது. வலது கட்டைவிரல் மட்டும் முழுதாக வழிக்கு வரவில்லை; மற்றவை வந்தன.

இதற்கிடையில் மூன்றாம் மாடியில் இன்னொரு சிக்கல் உட்கார்ந்திருந்தது. நோயில்லாதவர் வரிசையில் பெரியவளின் முடிவுகள் இருந்தன. சத்தமில்லாமல் தூக்கிவிட்டால் படம் அழகாகிவிடும். பக்கத்து மேசைக்காரன் அதைத்தான் சொன்னான். சின்னவள் மறுத்தாள். நடந்ததை நடந்தபடி எழுதி, ரத்தம் கொடுத்தவள் தன் உடன்பிறந்தவள் என்பதையும் எழுதி, நெறிமுறைக் குழுவுக்குக் கொண்டு போனாள். குழு அவளைக் குடைந்து எடுத்தது. பெரியவளையும் கூப்பிட்டுக் கேட்டது. "என் ரத்தம், என் கை. அவ பாக்கட்டும். பாத்ததை எனக்கும் சொல்லட்டும்" என்று பெரியவள் புதிதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அந்த அனுமதி வந்த பிறகுதான் சின்னவள் உறைகலத்தைத் திறந்தாள். நன்கொடையாளர் ஒவ்வொருவரின் செல்லிலும் ஒரு பங்கை உறைய வைத்துப் பாதுகாப்பது ஆய்வக வழக்கம். இந்தச் சோதனை உருவாவதற்கு முன், அக்கா ரத்தம் கொடுக்கத் தொடங்கிய காலத்துச் செல்களும் அங்கே இருந்தன. திரவ நைட்ரஜன் புகைக்குள் கையுறையோடு கையை விட்டு அந்தக் குப்பிகளை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் பதமாக உருக்கி, பழையதும் புதியதுமாகத் தட்டில் வரிசையாகப் போட்டாள்.

மிகப் பழைய குப்பியில் புள்ளிகள் ஏறின. நன்றாகவே ஏறின. அடுத்ததில் பாதி தூரம் ஏறித் தயங்கின. அதற்கடுத்ததில் மூலையை விட்டு நகரவில்லை.

அவள் அன்றைக்கே கடைக்கு ஓடினாள். "அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லு. விரல் வலி எப்ப ஆரம்பிச்சுது?"

பெரியவள் ஒரு பெண்ணின் முடியை அளந்துகொண்டே யோசித்தாள். "இந்த நாற்காலி புதுசா வாங்கின சமயம். டெலிவரிக்காரன்கிட்ட கையெழுத்துப் போடறப்ப பேனா வழுக்குச்சு. அதுக்கு முன்னாடி சத்தியமா ஒண்ணும் இல்ல."

நாற்காலி வாங்கியது எப்போதென்று சின்னவளுக்குத் தெரியும். இரண்டாவது குப்பி அதற்கு முந்தியது. வலி வருவதற்கு முன்பே செல்கள் தயங்கத் தொடங்கிவிட்டன.

ஆய்வகத் தலைவி படங்களை நெடுநேரம் பார்த்தார். "உறைய வச்சதுல கெட்டுப் போயிருக்கலாம். ஒரே ஒரு ஆள். உன் அக்கா வேற. இதை வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"தெரியும் மேடம். அதனாலதான் சொல்லப் போறதில்ல. பாக்கப் போறேன். முடக்குவாதக்காரங்களோட பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க, இன்னும் நோவு வராதவங்க. வருஷக்கணக்கா அவங்க ரத்தத்தைத் தொடர்ந்து பாக்கணும். முதல்ல தயங்குறது செல்லா, இல்ல மூட்டா? செல்லுதான்னா, அந்த வாங்கி எந்த இடத்துல சொல்லு கேக்காமப் போகுதுன்னு அங்கயே பிடிக்கலாம்."

"வருஷக்கணக்காகும். அதுக்குள்ள உனக்கு நரைச்சுடும்."

"நரைச்சா சாயம் போட வீட்டுலயே ஆள் இருக்கு."

தலைவி சிரித்துவிட்டார். நிதிக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னார். முதல் முறை திருப்பி அனுப்பினார்கள். சின்னவள் திருத்தி மறுபடி அனுப்பினாள். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவதுதான் தேறியது.

ஆனால் ரத்தம் கொடுக்க ஆள் வேண்டுமே! நோய் இல்லாதவர்களை மருத்துவமனையில் எங்கே தேடுவது? விளம்பரம் ஒட்டினாள், யாரும் வரவில்லை. செவிலியர் கீழ்த்தளத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இதைப் போகிற போக்கில் பெரியவளிடம் சொல்லிப் புலம்பினாள். பெரியவள், "ம்" என்று கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் கீழ்த்தளத்திலிருந்து செவிலியர் போன் செய்தார். குரலில் பாதி எரிச்சல், பாதி சிரிப்பு.

"கொஞ்சம் இறங்கி வாங்களேன். தாழ்வாரம் முழுக்க ஆள் நிக்குது. எல்லாரும் நேத்துதான் முடி வெட்டின மாதிரி இருக்காங்க."

சின்னவள் படியிறங்கி ஓடினாள். உண்மைதான். காதோரம் ஒழுங்காக ஒதுக்கிய தலைகள், பிடரியில் சீராக இழுத்த கோடுகள். ஒரு வாடகைக்கார் ஓட்டுநர், கைக்குழந்தையோடு ஒரு தாய், கல்லூரிப் பெண்கள் இருவர், இன்னும் யார் யாரோ. ஓட்டுநர் முன்னால் வந்தார்.

"எங்கம்மாவுக்கு முட்டியெல்லாம் வீங்கும்மா. நாற்காலியில உக்கார வச்சு, துணியைக் கழுத்துல கட்டிட்டு, வீட்டுல யாருக்கு மூட்டு நோவுன்னு உங்கக்கா எல்லாம் கேட்டாங்க. பாதி வெட்டின தலையோட எங்க எழுந்து ஓடறது? வரேன்னு சொல்லிட்டுத்தான் மீதி பாதியை வெட்டிக்கிட்டேன்."

தாழ்வாரமே சிரித்தது. சின்னவள் சிரிக்கவில்லை, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஓட்டுநரை உட்கார வைத்து, தானும் எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லிடறேன். வரேன்னு அங்க சொன்னது இங்க செல்லாது. நான் சொல்றதை முழுசாக் கேளுங்க, புரியலன்னா கேள்வி கேளுங்க, வேண்டாம்னா எழுந்து போங்க. உங்களுக்கு இதனால உடனே லாபம் ஒண்ணும் கிடையாது. வருஷத்துக்கு ரெண்டு தடவை வரணும், ரொம்ப வருஷம் வரணும். என்ன சொல்றீங்க?"

ஓட்டுநர் யோசித்தார். இரண்டு கேள்விகள் கேட்டார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டினார்.

சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் சம்மதித்தார்கள், மீதிப் பேர் யோசித்துவிட்டு வருவதாகச் சொன்னார்கள். குழாய்கள் இன்னும் சூடு ஆறாமல் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தன. சின்னவள் கையுறையை மாட்டிக்கொண்டு, முதல் தட்டின் குழிகளில் மருந்தை ஊற்றத் தொடங்கினாள்.